ஆறு மில்லிமீட்டரில் பத்தொன்பது ஜோடி

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டார். மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன. கடல் இல்லாத ஊர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, இங்கே வந்து கடலைத் தேடுகிறவர் யார்? அப்படிப்பட்ட ஊரில், போன மே மாதக் கத்திரி வெயிலில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கடல் பிராணியைக் கால் காலாகக் கழற்றி வைத்தோம். கழற்றியது என் அக்கா மகள். எனக்குக் கொடுத்த வேலை, ஃபேன் ஓடாமல் பார்த்துக்கொள்வது.

அவள் கடலோரக் கல்லூரி ஒன்றில் கடலுயிரியல் ஆய்வு மாணவி. எங்கள் ஊரில் வெறும் மணலாகக் கிடக்கிற பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. அந்தப் பக்கம் ஒரு பழைய வலைக்கயிற்றில் படர்ந்திருந்த பாசியை வாளித் தண்ணீரில் அலசியபோது கிடைத்ததாம். விரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், சாராயத்தில் மிதந்தன பத்துப் பன்னிரண்டு பூச்சி போன்றவை. நீளம் ஆறு மில்லிமீட்டர். கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

“மாமா, இது புது இனமா இருக்கலாம்” என்றாள். ‘லாம்’ என்பதை நன்றாக அழுத்திச் சொன்னாள்.

மெரினாவிலோ மாமல்லபுரத்திலோ கரையொதுங்கிய பாசியைக் காலால் தள்ளினால் பொடிப்பொடியாய்த் துள்ளிச் சிதறுமே, அந்தச் சாதி. ஆம்பிபாட் என்று பெயர். இறால், நண்டுக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆம்பிபாட் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் குப்பியில் இருப்பது அந்தப் பத்தாயிரத்தில் எதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது? நிறத்தை நம்ப முடியாது, சாராயத்தில் போட்டதும் வெளுத்துவிடும். அளவையும் நம்ப முடியாது, வளரும். மிச்சம் இருப்பது கால்கள்தான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மா எறா உரித்துக்கொண்டிருந்தார். “ஆயா, ஒண்ணு மட்டும் உரிக்காம குடு” என்று ஒரு பெரிய எறாவை வாங்கி வந்தாள் இவள். ஆறு மில்லிமீட்டரைப் பார்க்கும் முன்னால் ஆறு அங்குலத்தைப் பார்த்துவிட வேண்டுமாம். தட்டில் மல்லாக்கப் போட்டு எண்ணச் சொன்னாள்.

தலையில் ஐந்து ஜோடி. முதல் இரண்டும் உணர்கொம்புகள்: குட்டையாக இரண்டாகப் பிரிந்தது ஒன்று, சாட்டை மாதிரி நீண்டது ஒன்று. பூச்சிகளுக்கு உணர்கொம்பு ஒரு ஜோடிதான், சிலந்திக்கு அதுவும் கிடையாது. இரண்டு ஜோடி இருந்தால் அது கிரஸ்டேசியா என்கிற ஓட்டுடலிக் கூட்டம். மூன்றாவது ஜோடி தாடை. அதன் பின்னால் இலை போல மெல்லிய இரண்டு ஜோடி, உணவைத் தள்ளிவிட. அடுத்து மார்பில் எட்டு. அதில் முன்னால் இருக்கும் மூன்று, வாய்க்குத் துணையாகப் போய்விட்டன, மற்ற ஐந்தும் நடக்கிற கால்கள். வாலில் ஆறு: துடுப்பு மாதிரி ஐந்து ஜோடி, கடைசியில் விசிறி மாதிரி ஒரு ஜோடி. கூட்டினால் பத்தொன்பது.

நாம் ‘தலை’ என்று உடைத்துப் போடுவது உண்மையில் தலையும் மார்பும் சேர்ந்தது. அந்த ஒரே திருகலில் பதின்மூன்று ஜோடி குப்பைக்குப் போகிறது. இத்தனை வருஷம் எறா தின்றும் இது எனக்குத் தெரியாது.

அப்புறம் குப்பியிலிருந்து ஒன்றை எடுத்துக் கிளிசரின் துளியில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளினாள். எறாவுக்கு முதுகை மூடிய பெரிய ஓடு இருக்கிறது, இதற்கு அது இல்லை. உடம்பு இரண்டு பக்கமும் அமுக்கியது போல ஒடுங்கி, ‘ட’ எழுதத் தொடங்கி வளைந்துபோன மாதிரி இருந்தது. கண்ணுக்குக் காம்பு கிடையாது, தலையிலேயே ஒட்டியிருந்தது. என் கண்ணுக்கு எறாவோடு எந்த ஒற்றுமையும் தெரியவில்லை. “எண்ணுங்க மாமா.”

தலையில் ஐந்து, மார்பில் எட்டு, வாலில் ஆறு. பத்தொன்பது!

எண்ணிக்கை ஒன்றுதான், வேலையைப் பிரித்துக் கொடுத்ததில்தான் வித்தியாசம். எறா மார்பிலிருந்து மூன்று ஜோடியை வாய்க்கு அனுப்பியது, ஆம்பிபாட் ஒன்றை மட்டும் அனுப்பியது. மிச்சம் ஏழு. அதில் முதல் இரண்டு, கையைப் போல மடங்கிப் பிடிக்கிற கொடுக்குக் கால்கள். அடுத்த இரண்டு முன்பக்கமாக நீள்கின்றன, கடைசி மூன்று பின்பக்கமாக. இப்படி இரண்டு திசைக்கும் போவதால்தான் ‘இருபுறக்காலி’ என்ற பொருளில் ஆம்பிபாட் என்று பெயர். வாலில் மூன்று ஜோடி நீந்த, மூன்று ஜோடி உந்தித் துள்ள.

ஒரே அச்சில் வார்த்த காலைத்தான் உணர்கொம்பாகவும் தாடையாகவும் கொடுக்காகவும் துடுப்பாகவும் தட்டி மாற்றியிருக்கிறது உடம்பு. இது வெறும் உவமை இல்லை. பார்ஹயாலே என்ற ஆம்பிபாட்டின் கருமுட்டையில், உடம்பின் எந்தக் கணுவில் எந்த உறுப்பு என்று முடிவு செய்கிற ஹாக்ஸ் மரபணுக்களை, கிரிஸ்பர் என்கிற மரபணு வெட்டும் முறையில் ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தார்கள். 2016-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஒரு மரபணுவை முடக்கினால், பின்பக்கம் நீள வேண்டிய கால் முன்பக்கக் காலாக வளர்ந்தது. இன்னொன்றை முடக்கினால், நடக்கிற கால் இருக்க வேண்டிய இடத்தில் கொடுக்கு வந்தது. கால் காணாமல் போகவில்லை, வேஷம்தான் மாறியது.

சரி, குப்பிக்கு வருவோம். புது இனமா என்று பார்ப்பது இந்தப் பத்தொன்பது வேஷத்தையும் தனித்தனியே படிக்கிற வேலை. துடைப்பத்து ஈர்க்குச்சியின் நுனியில் மிக மெல்லிய ஊசியை ஒட்டிக் கருவி செய்திருந்தாள். பெரிய கூடங்களில் டங்ஸ்டன் கம்பியை ரசாயனத்தில் அரித்துக் கூராக்குவார்களாம், இவளுக்கு ஈர்க்குச்சி போதும். ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் கழற்ற வேண்டும், மறுபக்கம் அப்படியே இருக்கட்டும் என்பது வழக்கம். பின்னாளில் சந்தேகம் வந்தால் பார்க்க அது வேண்டும். தாடைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஆம்பிபாட்டின் இடது தாடையும் வலது தாடையும் ஒன்று போல இருப்பதில்லை. கடிக்கும் ஓரத்துக்குப் பக்கத்தில் அசைகிற ஒரு குட்டிப் பல்தகடு இருக்கிறது, அதன் வடிவம் இரண்டு பக்கமும் வேறு வேறு. அதனால் இரண்டையும் எடுத்தாக வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத சாமான். அதை அவள் எடுத்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், ஏதோ நான்தான் எடுப்பதைப் போல.

கழற்றிய காலில் ஏழு கணுக்கள். முதல் கணு கால் மாதிரியே இருக்காது, பக்கவாட்டில் கேடயம் போலத் தொங்கும். அதன் உள்பக்கம்தான் செவுள் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் அதே இடத்தில் மெல்லிய தகடுகள் முளைத்து ஒன்றோடொன்று சேர்ந்து பையாகும், முட்டை அதற்குள். எறாக் குஞ்சு பொரித்ததும் அம்மா ஜாடையே இல்லாமல் கடலில் மிதந்து திரியும். ஆம்பிபாட் குஞ்சு அப்படியில்லை, பையிலிருந்து வெளியே வரும்போதே குட்டி ஆம்பிபாட்தான். அலையில் மிதந்து தூரதேசம் போகிற பருவமே அதற்கு இல்லை. பிறந்த பாசியிலேயே வாழ்ந்து முடிக்கிற கூட்டம், பக்கத்துக் கழிமுகத்துச் சொந்தத்தோடு கலக்காமல் காலப்போக்கில் தனி இனமாகப் பிரிந்துவிடும். இந்தக் கூட்டத்தில் இன்னும் புதிது புதிதாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முள்ளும் மயிரும்தான் எனக்குப் புரிய நேரமானது. இனத்துக்கு இனம் அவற்றின் எண்ணிக்கையும் இடமும் மாறும் என்பதால், விவரிப்பில் ஒன்று விடாமல் எண்ணி எழுதுவார்கள். ஆனால் முள் போலத் தெரிவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. அன்றைக்குக் கூடையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் இருந்தது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு. அதன் காம்பு முள்ளைத் தடவிக் காட்டினேன். “இது தோலே நீண்டு முள்ளானது, ஆட்டினா ஆடாது” என்றாள். ஆம்பிபாட்டின் ஓடும் சில இடங்களில் அப்படி நீண்டு பல்லாகிறது. மற்றவை வேறு வகை: அடியில் ஒரு குழி, குழியில் மூட்டு, அதிலிருந்து கிளம்பும் மயிர். கம்பி போலத் தடித்திருந்தாலும் அது மயிர்தான். ஊசியால் தொட்டால் சாயும், பலவற்றில் அடியில் நரம்பும் ஓடும். தொட்டு உணர்வதும் தண்ணீரில் வாசனை பிடிப்பதும் இந்த மயிர்களால்தான். குழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதில் ஏமாந்து எழுதினால் அடுத்து ஒப்பிடுகிறவரின் கணக்கு எல்லாம் தப்பாகிவிடும்.

பார்த்ததைப் படமாக வரைய வேண்டும். போட்டோ எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். இந்த அளவுக்குப் பெரிதாக்கும்போது லென்ஸுக்கு ஒரு மெல்லிய அடுக்குதான் தெளிவாகத் தெரியும், மேலும் கீழும் மங்கிவிடும். கை அப்படியில்லை, ஒவ்வொரு அடுக்காகப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கோட்டில் சேர்க்கும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே பக்கத்துத் தாளில் உருவம் விழுவது போலக் காட்டும் கேமரா லூசிடா என்ற கருவியைத்தான் இன்றும் பலர் வைத்திருக்கிறார்கள். வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1806-இல். நமக்கு அந்த வருஷம் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்த வருஷம்.

இரண்டு கால்களை வரைந்து முடித்தவள், மூன்றாவது ஆண் பூச்சியை எடுத்ததும் முகம் சுளித்தாள். இதன் இரண்டாவது கொடுக்கு வேறு மாதிரி, சின்னதாக, பல் இல்லாமல் இருந்தது. இரண்டு இனமா கலந்துவிட்டன? இருக்கலாம். ஆனால் வயசும் காரணமாக இருக்கலாம். பெண், தன் ஓட்டை உரித்த கையோடுதான் இணைசேர முடியும் என்பதால், பல இனங்களில் ஆண் அந்த நேரம் வரும்வரை அதைப் பிடித்தே வைத்திருக்கும். அதற்காக வளர்வதுதான் பெரிய கொடுக்கு. ஒவ்வொரு முறை ஓட்டை உரிக்கும்போதும் அது பெரிதாகும், வடிவம் மாறும். இளம் ஆணின் கொடுக்கு பெண்ணுடையதைப் போலவே இருக்கும். அதைத் தனி இனம் என்று பெயர் வைத்து, பிறகு தம்பியும் அண்ணனும் ஒன்றுதான் என்று தெரிந்து அந்தப் பெயரை நீக்கிய கதைகள் இந்தத் துறையில் உண்டு. அதனால் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

எல்லாம் தேறினால்தான் பெயர். ஒரே ஒரு உடலை, இந்தப் பெயருக்கு இதுதான் சாட்சி என்று ஹோலோடைப்பாகக் குறித்து, அருங்காட்சியகம் போன்ற ஒரு பொது இடத்தில் பத்திரப்படுத்துவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்திடம் போகும். பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். விவரிப்பு எந்த மொழியில் இருந்தாலும் விதி தடுக்காது, தமிழில் எழுதினாலும் செல்லும். அப்படிச் செய்தால் உலகத்தில் எத்தனை பேர் படிப்பார்கள் என்பது வேறு விஷயம். பெயர் வைப்பதில் ஆளாளுக்கு ஒரு ருசி. மரியானா அகழியில் ஆறு கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே பிடித்த ஓர் ஆம்பிபாட்டின் குடலில் பிளாஸ்டிக் இழை கிடந்ததால், 2020-இல் அதற்கு யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றுக் கழிமுகத்தில் கிடைத்த ஒரு சின்ன நண்டுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைத்து சூடோஹெலிசே அண்ணாமலை என்று 2022-இல் பெயர் வந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதைத் தடுக்கிற விதி இல்லை, ஆனால் ஊர் சிரிக்கும்.

மூன்று மணிக்கு நான் தோற்றேன். வேர்வை கண்ணில் இறங்கியது, பழக்கதோஷத்தில் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. ஃபேன் இரண்டு சுற்றுதான் சுற்றியது. மேலே மூடியிருந்த மெல்லிய கண்ணாடிச் சில்லு, கவர்ஸ்லிப், பறந்தது, அதோடு வாய்ப்பகுதியின் ஒரு துண்டும். சிவப்புத் தரையில் குப்புறப் படுத்து இருவரும் டார்ச் அடித்துத் தேடினோம். கிடைக்கவில்லை. “இதுக்குத்தான் மாமா மறுபக்கத்தை விட்டு வைக்கிறது” என்றாள். திட்டியிருந்தாலே பரவாயில்லை.

சாயங்காலம் அம்மா சென்னாக்குனி டப்பாவைத் திறந்தார், பொடி இடிக்க. கடலே பார்க்காத எங்கள் பக்கத்துச் சமையலறைகளிலும் காய்ந்து வந்து சேர்கிற குட்டிக் கூனி அது. அசிடிஸ் என்ற அந்தப் பேரினத்தின் இந்திய வகையை 1830-லேயே விவரித்து, இண்டிகஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். இவள் நான்கைந்தை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, ஊறியதும் ஒன்றைக் கண்ணாடித் தட்டில் போட்டு என்னிடம் தள்ளினாள். எண்ணினேன். பதினேழு ஜோடிதான் வந்தது. நடக்கிற கால் ஐந்து ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான்.

“காய வைக்கும்போது உடஞ்சிருக்கும்” என்றேன்.

“உடஞ்சா என்ன இருக்கும்?”

கத்தரிக்காய் ஞாபகம் வந்தது. கால் உடைந்து விழுந்தால், அது உட்கார்ந்திருந்த குழி உடம்பில் இருக்கும். விளக்கைக் கிட்டே இழுத்து, நான்காவது ஐந்தாவது ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் பார்த்தேன். குழி இல்லை. ஓடு வழவழவென்று இருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் இல்லை. மூன்றாவதைத் தேடிக் கையை நீட்டியபோது, “போதும்பா, பொடிக்கு மிச்சம் வைங்க” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார் அம்மா.