ஸ்பானிய மொழியில் வழி கேட்போர் பதிலுக்கும் ஆயத்தமாக வேண்டும்

ஸ்பானிய மொழி கற்பிக்கும் பணியில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்று உண்டு. "தோந்தே எஸ்தா லா எஸ்தாசியோன்?" என்று ரயில் நிலையத்துக்கு வழி கேட்கப் பிழையின்றிக் கற்ற மாணவர்கள், அதற்கு வரும் பதிலைப் புரிந்துகொள்ள முடியாமல் திகைக்கிறார்கள். கேள்வியை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளலாம். பதிலோ முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, அவருடைய வேகத்தில், அவருடைய ஊர் வழக்கில் வருகிறது. வகுப்பறையில் பதிலைக் கேட்டுப் பழகுவதற்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வியில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடும்போது "தோந்தே எஸ்தா" பொருந்தும், அருகில் ஏதாவதொரு மருந்துக்கடை இருக்கிறதா என்று அறிய விரும்பினால் "ஆய் உனா ஃபார்மாசியா போர் அகீ?" என்றே கேட்க வேண்டும். தமிழில் இரண்டுக்கும் 'இருக்கிறது' என்பதே போதுமானதாக இருப்பதால் நம்மவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

பதிலில்தான் உண்மையான சிக்கல்கள் உள்ளன. "தெரேச்சா" என்றால் வலப்பக்கம். "தெரேச்சோ" என்றால், லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில், நேராகச் செல்லுங்கள் என்று பொருள். கடைசி உயிரொலி ஒன்றுதான் வேறுபாடு என்பதால், வாகன இரைச்சலுக்கு நடுவே அது எளிதில் நழுவிவிடும். எனவே அந்த ஒலியை மட்டும் நம்பாமல், அதற்கு முன்னால் "ஆ லா" வருகிறதா என்று கேட்கும்படி மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன்: "ஆ லா தெரேச்சா" எனில் திரும்ப வேண்டும், "தோதோ தெரேச்சோ" எனில் நேராகப் போக வேண்டும். ஸ்பெயினில் நேராக என்பதற்கு "தோதோ ரெக்தோ" என்பதே பெருவழக்கு. தெருவைப் பிடித்துச் செல்லுங்கள் என்பதற்கு அங்கே இயல்பாக வழங்கும் "கொஹேர்" என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசமான பொருள் தரும். எங்கும் தீங்கின்றிச் செல்லும் "தோமார்" என்பதையே தொடக்கத்திலிருந்து பழகிக்கொள்வது நல்லது.

சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தும் வழி புரியாமல் போகும் ஊர்களும் உண்டு. கோஸ்டா ரிகாவில் முகவரியே ஓர் அடையாளத்திலிருந்துதான் தொடங்கும்: தேவாலயத்திலிருந்து 200 மீட்டர் வடக்கே, பிறகு 50 மீட்டர் கிழக்கே என்பார்கள். அங்கே 100 மீட்டர் என்பது அளவெடுத்த தூரமன்று. கட்டடத் தொகுதி ஒன்றின் நீளத்தையே அவ்வாறு சொல்கிறார்கள். அந்த அடையாளம் இன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சான் பெட்ரோ பகுதியில் இருந்த பழைய அத்திமரம் மறைந்த பின்னும் அதன் பெயரைச் சொல்லியே வழி காட்டிவந்தார்கள். நிகராகுவாவின் தலைநகரான மனாகுவாவில் வடக்கு என்பதற்கு "அல் லாகோ", அதாவது ஏரியை நோக்கி என்றும், சூரியன் எழும் கிழக்குக்கு "அர்ரிபா", மேலே என்றும், மேற்குக்கு "அபாஹோ", கீழே என்றும் சொல்வார்கள். 1972 டிசம்பரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் நகரின் மையப்பகுதி அழிந்துபோனது. அன்று இடிந்த கட்டடங்கள் இருந்த இடத்தைக் குறிப்பிட்டு, "தே தோந்தே ஃபுவே", அதாவது முன்பு இருந்த இடத்திலிருந்து என்று தொடங்கி வழி சொல்லும் வழக்கம் அதன் பின்னும் தொடர்ந்தது. பார்சிலோனாவின் சதுரச் சதுரமான எய்ஷாம்ப்லே பகுதியிலும் கடல் பக்கம், மலைப் பக்கம் என்று கூறுவதுண்டு. செல்லும் ஊரின் இத்தகைய வழக்கை முன்னதாகவே அறிந்துகொள்ளும் மாணவருக்குப் பாதி வழி புரிந்துவிடும்.

பதில் புரியாதபோது தலையசைத்துவிட்டு நகரும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்" என்று மெதுவாகச் சொல்லக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. கேட்ட வழியை "எந்தோன்செஸ்", அதாவது அப்படியானால் என்று தொடங்கித் திருப்பிச் சொல்லிக் காட்டினால், தவறு இருக்கும் இடத்தை வழி சொன்னவரே திருத்திவிடுவார்.

அவ்வாறு திருப்பிச் சொல்லும் திறன், வழி சொல்லிப் பழகுவதால்தான் வளரும். முதியவர்களிடமும் அறிமுகமில்லாதவர்களிடமும் "சீகா" (தொடர்ந்து செல்லுங்கள்), "க்ரூசே" (கடந்து செல்லுங்கள்), "தோப்ளே" (திரும்புங்கள்) என்ற மரியாதை வடிவங்களைக் கையாள வேண்டும். ஸ்பெயினில் நண்பர்களுக்கிடையே கட்டளை வடிவத்துக்குப் பதிலாக, "சீகெஸ் தோதோ ரெக்தோ" என்று நிகழ்காலத்திலேயே வழி சொல்வது மிகவும் இயல்பு. வகுப்பில் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல, மற்றவர் அதைப் பார்க்காமல் கேட்டபடியே தாளில் கோடிழுத்து வர வேண்டும். வரைபடத்தில் உள்ள வழியும் அந்தக் கோடும் பிரியும் இடத்தை எடுத்துக்கொண்டு, அங்கே தவறவிட்ட சொல் எது என்று அப்போதே பார்த்துவிடலாம்.