பதினாலு ஒளியாண்டு, இரண்டே வருடம்

கருந்துளை பற்றிய கட்டுரையைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குவேசார்களிலிருந்து கிளம்பும் ஜெட், ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் போவதை ரேடியோ தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார்களாமே? அப்படியானால், ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று ஐன்ஸ்டைன் சொன்னது தப்பா?"

பார்த்தது உண்மை. ஐன்ஸ்டைன் சொன்னதும் தப்பில்லை. இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருப்பது எப்படி என்பது, பத்தாம் வகுப்புக் கணிதமே போதுமான ஒரு கணக்கு. வானியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கும் அதுதான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். சில கேலக்ஸிகளின் நடுவே, பல கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருக்கிறது. அதை நோக்கி விழும் வாயு தட்டுபோலச் சுழன்று சூடேறுகிறது. இப்படி மிகப் பிரகாசமாக ஒளிரும் மையத்தைத்தான் குவேசார் என்கிறோம். அதில் ஒரு பங்கு உள்ளே போகாமல், சுழலும் அச்சின் இரு பக்கமும் மெல்லிய ஜெட்டாகப் பீறிடுகிறது. அதிலுள்ள எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு பாயும்போது ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று இதைச் சொல்வார்கள்.

3சி 273 என்ற குவேசாரின் கதை சந்திரனில் தொடங்குகிறது. 1962 ஆகஸ்டில் சந்திரன் அதை மறைத்துக்கொண்டு நகர்ந்தபோது, சிரில் ஹசார்டும் சகாக்களும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிக்னல் எப்போது மறைகிறது, எப்போது திரும்புகிறது என்று குறித்தார்கள். சந்திரனின் விளிம்பு எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரிந்த விஷயம். அதனால் ரேடியோ அலை வரும் இடமும் பிடிபட்டது. அது இரண்டு இடங்களாக இருந்தது: நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி, அப்புறம் அதிலிருந்து நீளும் ஜெட்டின் நுனி. மறு வருடம் மார்ட்டின் ஷ்மிட் அந்தப் புள்ளியின் நிறமாலையைப் படித்து, அது வெகு தொலைவில் இருக்கிறது என்று காட்டினார். இன்றைய கணக்கில் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். (ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு.)

ஊட்டி முத்தோரையில் 1970இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் இதே சந்திர மறைப்பு வேலைக்காகக் கட்டப்பட்டதுதான். கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை அளந்தது. கிரகணம் என்றால் கர்ப்பிணிகளை இன்னும் அறைக்குள் உட்கார வைக்கிறோம். அதே நிழலை அளவுகோலாக்கியவர்கள் நம் மலையிலேயே இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருவோம். 1970 அக்டோபரில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், மாசசூசெட்ஸின் ஹேஸ்டாக் ஆகிய இரண்டு தொலைநோக்கிகள் ஒரே சமயத்தில் 3சி 279 என்ற குவேசாரைப் பார்த்தன. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு சிக்னலை நாடாவில் பதிந்து, பிறகு இரண்டையும் கணினியில் ஒப்பிட்டால், அந்த 3,900 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே தொலைநோக்கி இருந்தால் எவ்வளவு நுணுக்கம் கிடைக்குமோ அவ்வளவு கிடைக்கும். அவர்கள் அளக்கப் போனது சூரியனின் ஈர்ப்பு ரேடியோ அலையை எவ்வளவு வளைக்கிறது என்பதை, அதாவது ஐன்ஸ்டைனைச் சோதிக்க. 1971 பிப்ரவரியில் மறுபடி பார்த்தபோது குவேசாரின் உள்ளமைப்பே மாறியிருந்தது. உள்ளே இருந்த பகுதிகள் விலகிய வேகத்தைக் கணக்குப் போட்டால் ஒளியைவிட வேகம்! இதனால் என்ன கிடைக்கும் என்று ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் முன்கூட்டியே எழுதச் சொல்பவர்கள் இந்தச் சோதனையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இப்போது அந்தக் கணக்கு. ஜெட்டில் ஒரு பிரகாசமான முடிச்சு, ஒளிவேகத்தில் 99 சதவீத வேகத்தில் மையத்திலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெட் ஏறக்குறைய நம் பக்கமே திரும்பியிருக்கிறது, 8 டிகிரிதான் விலகல். கிளம்பும்போது ஓர் அலையை அனுப்புகிறது. 100 வருடம் கழித்து இன்னோர் அலை.

இந்த 100 வருடத்தில் முடிச்சு 99 ஒளியாண்டு போயிருக்கும். 8 டிகிரி சாய்வில் அதைப் பிரித்தால், நம்மை நோக்கி 98, பக்கவாட்டில் ஏறக்குறைய 14. முதல் அலை என்ன ஆயிற்று? அது நம்மை நோக்கி 100 ஒளியாண்டு வந்திருக்கும். ஆக, இரண்டாவது அலை கிளம்பும்போது முதல் அலை அதைவிட 2 ஒளியாண்டுதான் முன்னால் இருக்கிறது. அதற்குமேல் இரண்டும் ஒரே வேகத்தில் வருகின்றன. (பிரபஞ்சம் விரிவதால் ஒரு சிறு திருத்தம் உண்டு, அதை விட்டுவிடுவோம்.) முதல் அலை வந்து 2 வருடம் கழித்து இரண்டாவது வருகிறது. நம் படத்தில் தெரிவது பக்கவாட்டு நகர்வு மட்டும். 2 வருடத்தில் 14 ஒளியாண்டு, ஒளியைப்போல் 7 மடங்கு!

முடிச்சு எதையும் முந்தவில்லை. தான் விட்ட ஒளியைத் தானே துரத்துகிறது, கடைசிவரை பிடிக்க முடிவதில்லை. ஆனால் அவ்வளவு ஒட்டியே ஓடுவதால் 100 வருடக் கதை நமக்கு 2 வருடமாகச் சுருங்கிவிடுகிறது. கோணத்தை 30 டிகிரியாக மாற்றிப் போட்டால் மூன்றரை மடங்குதான் வரும். 90 டிகிரி என்றால் வெறும் 0.99. நேராக நம்மை நோக்கியே வந்தால் பக்கவாட்டு நகர்வே கிடையாது. இதில் இன்னும் அழகு, பிரிட்டிஷ் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் இதை 1966லேயே, ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, காகிதத்தில் போட்டுக் காட்டிவிட்டார் என்பது.

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். திருவிழா சீரியல் பல்பில் வெளிச்சம் ஓடுகிறது, பல்பா ஓடுகிறது? அதுபோல நிலையான புள்ளிகள் மாறி மாறி மின்னுகின்றனவோ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1977 முதல் 1980 வரை எடுத்த 3சி 273 படங்கள் 1981இல் வெளியானபோது, ஒரே முடிச்சு மையத்தை விட்டுச் சீராக விலகிப் போவது தெரிந்தது. அதோடு அந்தச் சந்தேகம் அநேகமாக ஓய்ந்தது.

ஜெட் இரண்டு பக்கமும் கிளம்புகிறது என்றேன், ஆனால் பல படங்களில் ஒரு பக்கம்தான் தெரியும். இதுவும் அதே வேகத்தின் வேலை. நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி கூடும், விலகும் பக்கத்தின் ஒளி மங்கும். நம் உதாரண வேகத்தில் இந்த வித்தியாசம் பத்தாயிரம் மடங்குக்கு மேல்.

தோற்றம் என்று தெரிந்த பிறகும் அந்தப் பொய் வேகத்துக்கு நல்ல உபயோகம் உண்டு. 7 மடங்கு தெரிய வேண்டுமானால், எந்தக் கோணமாக இருந்தாலும் உண்மை வேகம் ஒளிவேகத்தில் குறைந்தது 99 சதவீதம் இருந்தாக வேண்டும். எம்87 கேலக்ஸியின் ஜெட்டில் ஹப்பிள் தொலைநோக்கி 6 மடங்கு வரை அளந்தது. அந்த ஒரு எண்ணிலிருந்தே, ஜெட் நம் பார்வைக் கோட்டிலிருந்து 19 டிகிரிக்குள் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒன்றின் சாய்வு!

அவ்வளவு வேகத்தை எது கொடுக்கிறது? சுழலும் கருந்துளை காந்தப்புலத்தை முறுக்கித் தன் சுழற்சி ஆற்றலையே ஜெட்டுக்குத் தருகிறது என்று 1977இல் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்நாயெக்கும் சொன்னார்கள். எம்87இல் கருந்துளையைச் சுற்றிய வளையமும் ஜெட்டின் அடிப்பகுதியும் ஒரே படத்தில் முதல்முறையாகத் தெரிந்தது 2023இல்தான். 2018இல் 3.5 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பதிந்த தரவு அது. அந்த அடிப்பகுதியில் ஜெட்டுக்கு ஆற்றல் கொடுப்பது கருந்துளையின் சுழற்சி மட்டும்தானா, சுற்றியுள்ள தட்டுக்கும் பங்கு உண்டா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.