பேரிங்கில் எந்த இடம் உடைந்திருக்கிறது என்று அதிர்வு எப்படிச் சொல்கிறது?

சுழலும் இயந்திரம் எதுவானாலும் அதிரத்தான் செய்யும், நேற்று பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய புது மோட்டார் உட்பட. அதனால் "அதிர்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை. எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது, எவ்வளவு, போன மாதத்தை விடக் கூடியிருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் ஹவுசிங்கில் (சுழலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கின் வெளிக்கூட்டில்) வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பாரே, அவர் தேடுவதும் இதைத்தான். ஆனால் காது எவ்வளவு பழகியதானாலும் போன மாதம் கேட்ட சத்தத்தை எண்ணாக நினைவில் வைத்திருக்காது. ஆறு விதமான சத்தம் ஒன்றாக வரும்போது பிரித்துக் காட்டவும் அதனால் முடியாது.

இவ்வளவு எதற்கு, குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் பேரிங்கை மாற்றிவிட்டால் போதாதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பேரிங்குகள் அப்படி ஒரே வயதில் சாவதில்லை. தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுட்கால எண்ணுக்கே, ஒரே மாதிரி பேரிங்குகளில் 90 சதவீதம் அந்தக் காலத்தைத் தாண்டும் என்பதுதான் பொருள். மீதி 10 சதவீதம் அதற்கு முன்பே போகலாம், தாண்டியவற்றில் பல அதைப் போலப் பல மடங்கு ஓடலாம். விமானப் பாகங்களை ஆராய்ந்து யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலனும் ஹீப்பும் 1978-ல் எழுதிய அறிக்கையில், வயது வரம்பு வைத்து மாற்றினால் பலன் தரக்கூடிய பாகங்கள் ஏறக்குறைய 11 சதவீதம்தான் என்று வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிப் புதிது போடும்போது, பொருத்துவதில் பிழை நேர்ந்து அந்தப் புதிதே சீக்கிரம் போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆக, நாள்காட்டியை விட இயந்திரத்தையே கேட்பது நல்லது.

கேட்பதற்கான கருவி முடுக்கமானி. உள்ளே ஒரு சிறிய எடையும் அதோடு ஒரு பீசோமின் படிகமும் இருக்கும். அதிரும்போது எடை படிகத்தை அழுத்த, அழுத்தத்துக்கு ஏற்ப மின்னூட்டம் பிறக்கும், 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த அதே விளைவு. இதில் பலரும் கோட்டை விடுவது சென்சாரை ஒட்டும் விதத்தில்தான். போல்ட் போட்டு இறுக்கினால் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு) வரை சரியாக எடுக்கும். காந்தத்தில் ஒட்டினால் அந்த எல்லை குறையும், கையால் பிடித்துக்கொண்டு எடுத்தால் இன்னும் குறையும். பெயின்ட் உரிந்த மேடு பள்ளத்தின் மேல் காந்தத்தை வைத்துவிட்டு "உயர் அதிர்வெண்ணில் ஒன்றும் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கைக்கு மதிப்பே கிடையாது.

முதலில் கிடைப்பது மொத்த அதிர்வு, விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரே எண். ஐஎஸ்ஓ 10816 தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி (இப்போது அந்த வரிசை 20816 ஆகிவிட்டது) உறுதியான அடித்தளத்தில் நிற்கும், 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு 2.3 வரை புதிது போல, 4.5 வரை நீண்ட நாள் ஓட்டலாம், 7.1-ஐத் தாண்டினால் சேதம் வரக்கூடும் என்கிற அளவில் எல்லைகள் உண்டு. பயனுள்ள எண்தான், ஆனால் என்ன கோளாறு என்று அது சொல்லாது. அதற்கு அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஸ்பெக்ட்ரமாகப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைக் கணினி வேகமாகப் போட வழி செய்தது கூலியும் டுக்கியும் 1965-ல் வெளியிட்ட வேகமான ஃபூரியர் உருமாற்றம். இன்று அது கையடக்கக் கருவிக்குள்ளேயே நடக்கிறது.

நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 24.7 சுற்று, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். ரோட்டாரிலோ (மோட்டாரின் சுழலும் பாகம்) இம்பெல்லரிலோ (பம்பின் சுழல் சக்கரம்) ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் அந்தப் பக்கம் சுற்றுக்கு ஒருமுறை இழுக்கும், ஸ்பெக்ட்ரமில் 24.7-ல் ஒரு முகடு நிற்கும். மோட்டாரையும் அது ஓட்டும் இயந்திரத்தையும் இணைக்கும் கப்ளிங்கில் இரண்டு ஷாஃப்ட்டும் நேர்கோட்டில் இல்லையென்றால் பெரும்பாலும் இரண்டு மடங்கில், 49.3-ல் முகடு எழும், ஷாஃப்ட்டின் நீளவாக்கிலும் அதிர்வு கூடும். ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்திருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மடங்குகள் வரிசையாக வரும், சில சமயம் அரை மடங்குகளும் சேர்ந்துகொள்ளும். ஒரு மடங்கில் உயர்ந்த முகடு இருந்தாலே பேலன்ஸ் பிரச்சினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வளைந்த ஷாஃப்ட்டும் சரி, இயந்திரத்தின் ஒத்திசைவும் (ஓடும் வேகம் அதன் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போவது) சரி, அதே இடத்தில்தான் முகடு காட்டும். கட்ட அளவீடு (phase, அதாவது சுற்றின் எந்தக் கணத்தில் அதிர்வு உச்சம் தொடுகிறது என்பது) எடுத்துப் பார்க்காமல் எடை வைத்து வைத்து எடுப்பதில் ஒரு நாளே போய்விடும்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது பேரிங் கணக்கு. 6205 என்ற சாதாரண பேரிங்கில் 9 குண்டுகள். உள்வளையம் ஷாஃப்ட்டோடு சுற்றுகிறது, வெளிவளையம் அசையாமல் நிற்கிறது, நடுவே குண்டுகள் உருண்டுகொண்டே போகின்றன. அதனால் அவற்றைப் பிடித்திருக்கும் கேஜ் ஷாஃப்ட்டை விட மெதுவாகத்தான் சுற்ற முடியும். இந்த பேரிங்கின் அளவுகளைப் போட்டால் ஷாஃப்ட் ஒரு சுற்று வருவதற்குள் கேஜ் 0.398 சுற்றுதான் வரும். இப்போது வெளிவளையத்தில் ஒரு புள்ளியில் உலோகம் பெயர்ந்து சிறு குழி விழுந்துவிட்டது என்று வையுங்கள். கேஜ் ஒரு முழுச் சுற்று வந்தால் 9 குண்டுகளும் அந்தக் குழியின் மேல் ஏறி இறங்கும், ஆக ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.58 அடி. நம் மோட்டாரில் அது 88 ஹெர்ட்ஸ். குழி உள்வளையத்தில் என்றால், அந்த வளையம் கேஜை முந்திக்கொண்டு 0.602 சுற்று கூடுதலாக ஓடுகிறது, அதனால் 5.42 அடி, அதாவது 134 ஹெர்ட்ஸ். இரண்டு மடங்குகளையும் கூட்டிப் பாருங்கள், குண்டுகளின் எண்ணிக்கையான 9 வரும். எந்த பேரிங்குக்கும் இது பொருந்தும். 88-ன் அருகே முகடு நின்றால், ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றாமல், வெளிவளையத்தில் அடி விழுந்திருக்கிறது என்று சொல்லலாம். மடங்கு முழு எண்ணாக இல்லாததும் நமக்கு வசதிதான். பேலன்ஸும் அலைன்மென்ட்டும் முழு மடங்குகளில் நிற்க, பேரிங் அவற்றின் நடுவே தனியாகத் தெரிகிறது. குண்டுகள் கொஞ்சம் வழுக்குவதால் கணக்கிட்ட எண்ணிலிருந்து ஓரிரு சதவீதம் தள்ளியும் வரலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் அந்த அடி மிகச் சிறியது. பேலன்ஸ் குறைபாட்டின் பெரிய அதிர்வுக்குப் பக்கத்தில் 88 ஹெர்ட்ஸ் முகடு கண்ணிலேயே படாது. ஆனால் ஒவ்வொரு அடியும் பேரிங் ஹவுசிங்கை அதன் இயல்பான, பல ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு கணம் ஒலிக்கச் செய்கிறது, மணியை யாரோ சுத்தியலால் தட்டுவது போல. மணியின் சுருதி எதுவாகவும் இருக்கட்டும், விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணினால் போதும். கீழ் அதிர்வெண்களை வடிகட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய ஒலியின் ஏற்ற இறக்கத்தின் மேல்விளிம்பை மட்டும் எடுத்து அதற்கு ஸ்பெக்ட்ரம் போட்டால் 88 பளிச்சென்று வெளியே வரும். என்வலப் முறை என்பது இதுதான். மொத்த அதிர்வு கொஞ்சமும் கூடாமல், பேரிங் சூடாகாமல், சத்தமும் மாறாமல் இருக்கும் கட்டத்திலேயே பழுதைப் பிடிக்க முடிவது இதனால்தான். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது என்ற நிலை வந்துவிட்டால் மிச்சம் அதிக நாள் இல்லை.

இதே பேரிங் கடைசிக் கட்டத்தில் ஆளை ஏமாற்றவும் செய்யும். குழியின் கூர்மையான விளிம்புகள் தேய்ந்து மழுங்கிவிட்டால் உயர் அதிர்வெண் அளவு இறங்கும். தெளிவாக நின்ற முகடுகள் கரைந்து, ஸ்பெக்ட்ரமின் அடித்தளம் முழுக்க மேலே தூக்கிக்கொள்ளும். கிரீஸ் போட்டதில் சரியாகிவிட்டது என்று அப்போது நினைத்துவிட வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இது. அதே இடம், அதே திசை, அதே லோடு, கூடியவரை அதே வேகம் என்று திரும்பத் திரும்ப எடுத்த ரீடிங்குகளின் வரிசைதான் பேசும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 2980 சுற்று ஓடும் மோட்டாரில் அலைன்மென்ட் கோளாறின் இரண்டு மடங்கு 99.3 ஹெர்ட்ஸ். ஸ்டேட்டரில் (மோட்டாரின் அசையாத பாகம்) மின்காந்தக் கோளாறு இருந்தால் முகடு 100 ஹெர்ட்ஸில். அரை விநாடி மட்டும் பதிவு செய்தால் இரண்டும் ஒரே முகடாகத்தான் தெரியும், பிரித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று நான்கு விநாடிப் பதிவு வேண்டும். இன்னும் எளிய வழி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்துவது. மின்காந்தத்தால் வந்தது என்றால் முகடு அந்தக் கணமே மறையும். இயந்திரக் கோளாறு என்றால் வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கும்.

எல்லா இயந்திரத்துக்கும் இது ஒரே மாதிரி கைகொடுப்பதில்லை. நிமிடத்துக்கு ஐந்து பத்து சுற்று வரும் பெரிய உருளைகளில் அடியின் ஆற்றல் மிகக் குறைவு, மிக நீண்ட பதிவு எடுத்தாக வேண்டும். டர்பைனில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பதால் ஹவுசிங்கில் வைத்த சென்சாருக்குப் பாதிதான் தெரியும், ஷாஃப்ட்டையே நேரடியாக அளக்கும் இடைவெளி சென்சார் தேவை. எங்கே, என்ன கோளாறு என்பதை அதிர்வு நன்றாகவே சொல்லும், எத்தனை நாள் தாங்கும் என்பதை அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. முகடு ஏறும் வேகத்தையும் அந்த இயந்திரம் நின்றால் வரும் நஷ்டத்தையும் வைத்து மனிதர்தான் தேதி குறிக்க வேண்டும். அப்புறம், கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாமல் வெட்டிப் பாருங்கள். 88 ஹெர்ட்ஸைப் பார்த்து வெளிவளையம் என்று சொல்லியிருந்தால் குழி அங்கேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேரிங்கின் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கிறோமா, ஓடிய வேகத்தைத் தவறாக எடுத்திருக்கிறோமா என்று அடுத்த ரீடிங்குக்கு முன்பே பார்த்துவிடலாம்.