மனைவி ஊரில், ரிட்டர்ன் இங்கே

2025 மார்ச். நியூஜெர்சியில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கோவையில் மாலை ஆறரை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் போனை நிமிர்த்தி வைத்து மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு பேப்பர் அனுப்பறேன். கையெழுத்துப் போட்டு கூரியர்ல அனுப்பிடு. எட்டாயிரம் டாலர் மிச்சமாகும்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டார்: "நான் அந்த ஊருக்கே இன்னும் வரலையே, நான் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?"

நான் என்ரோல்டு ஏஜென்ட், அதாவது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் உரிமம் பெற்ற வரி ஆலோசகர். அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட மனைவிமாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். கணவர் சொன்னால் கையெழுத்து வந்துவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று வந்த கணவர் கிரீன் கார்டு வைத்திருப்பவர். 2024 ஆவணியில் கல்யாணம். மனைவிக்கு மனு போட்டாகிவிட்டது, வரிசையில் காத்திருக்கிறார்கள். மனைவி கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். ஐஆர்எஸ் கண்ணுக்கு அவர் 'நான்ரெசிடென்ட் ஏலியன்', அதாவது அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர். இந்த 'ஏலியன்' என்ற சொல்லை வீடியோ காலில் சொன்னால் சிரிக்காதவர்களே இல்லை.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். மனைவி இந்தியாவில் இருக்கிறார், எஸ்எஸ்என் (அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்) இல்லை, சாஃப்ட்வேர் நம்பர் கேட்கிறது, சரி, 'சிங்கிள்' என்று டிக் பண்ணிவிடலாம் என்று நிறைய பேர் போட்டுவிடுகிறார்கள். டிசம்பர் 31 அன்று திருமணமானவராக இருந்தால் நீங்கள் சிங்கிள் இல்லை. மனைவி எந்த நாட்டில் இருந்தாலும் இல்லை. ஒருவர் இப்படியே இரண்டு வருடம் சிங்கிளாகப் போட்டிருந்தார். மனைவியின் விசாவுக்கு ஆதரவுப் பத்திரம், அதாவது ஐ-864, கொடுக்கும் நேரம் வந்தது. அதோடு ரிட்டர்னின் டிரான்ஸ்கிரிப்ட்டையும் வைக்க வேண்டும். ஒரு தாளில் கல்யாணத் தேதி, இன்னொரு தாளில் சிங்கிள். நேர்காணலுக்கு முன்பே இரண்டு வருடத்துக்கும் 1040-எக்ஸ் போட்டுத் திருத்தினோம். அந்த மாதம் அவர் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு', அதாவது குடும்பத் தலைவர் என்ற வகையில் போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதற்கு உங்களைச் சார்ந்த, தகுதியுள்ள வேறொருவர் வேண்டும். மனைவி அந்தக் கணக்கில் வரமாட்டார். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவும் வரமாட்டார்கள். அவர்களை டிபெண்டெண்ட்டாகக் காட்டவே முடியாது. மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அதேதான்.

ஆக, பெரும்பாலானவர்களுக்கு இரண்டே வழி. தனியாக, 'மேரீட் ஃபைலிங் செபரேட்லி'. மனைவிக்கு அமெரிக்க வருமானம் இல்லை, நம்பரும் இல்லை என்றால் அவருடைய எண்ணுக்கான இடத்தில் 'என்ஆர்ஏ' என்று எழுதினால் போதும். இல்லையென்றால், சேர்ந்து.

சேர்ந்து போட்டால் என்ன லாபம் என்று இவர் கணக்கிலேயே பார்ப்போம். 2024-இல் சம்பளம் 1,20,000 டாலர். தனியாகப் போட்டால், வரி போடுமுன் வருமானத்தில் கழியும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 14,600, வரி சுமார் 18,340. சேர்ந்து போட்டால் டிடக்‌ஷன் 29,200, விகிதப் படிகளும் இரட்டிப்பாக அகலும், வரி சுமார் 10,430. வித்தியாசம் 7,900 டாலர். அவர் சொன்ன எட்டாயிரம் பொய்யில்லை. பல பேர் கணக்கை இந்த இடத்தோடு மூடிவிடுவார்கள்.

அந்த எட்டாயிரத்தைத் தருவது வரிச் சட்டத்தின் 6013-ஆம் பிரிவில் 'ஜி' உட்பிரிவு. இருவரும் சேர்ந்து ஒரு பிரகடனம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ரிட்டர்னோடு இணைக்க வேண்டும். இதற்கு 'எலெக்‌ஷன்' என்று பெயர், ஓட்டுப் போடுகிற எலெக்‌ஷன் இல்லை. அதில் எழுதுவது இதுதான்: வருடக் கடைசியில் எங்களில் ஒருவர் நான்ரெசிடென்ட், மற்றவர் அமெரிக்கக் குடிமகன் அல்லது ரெசிடென்ட். எங்கள் இருவரையுமே வருடம் முழுவதும் அமெரிக்க ரெசிடென்ட்டாக நடத்துங்கள்.

'வருடம் முழுவதும்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஆவணியில் தாலி ஏறியது. ஜனவரியிலிருந்து அந்தப் பெண் வாங்கிய சம்பளம், வட்டி, விற்றது, வாங்கியது எல்லாமே உள்ளே வந்துவிடும். மாப்பிள்ளை யார் என்றே தெரியாத மாதங்களின் வருமானமும்தான். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் சொல்லியாக வேண்டும்.

அதனால் அன்றைக்கு நான் அவரிடம் போனை வாங்கிப் பேசினேன். "அம்மா, ஒரு நோட்டு எடுத்துக்குங்க. உங்க பேர்ல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க." சொல்லச் சொல்ல நான் இந்தப் பக்கம் எழுதிக்கொண்டேன்.

சம்பளம் மாதம் 58,000 ரூபாய். பிபிஎஃப். ஒரு கூட்டுறவு வங்கியில் எஃப்டி. பொள்ளாச்சிப் பக்கம் பாட்டி எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, குத்தகைப் பணம் வருகிறது. அப்பாவின் எஃப்டிகளில் 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று இவர் பெயரும் இருக்கிறது. ஐந்து மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி. கடைசியில், ஞாபகம் வந்தவர் போல: "ஒரு ஃபண்டை மட்டும் ஜூலைல வித்தேன் சார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க."

கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கு இதில் பாதி அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிபிஎஃப் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. குத்தகை விவசாய வருமானம், அதற்கும் இந்திய வருமான வரி இல்லை. ஆனால் இந்தியா விட்டுக்கொடுத்ததை அமெரிக்காவும் விட்டுக்கொடுக்கும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இங்கே இரண்டுக்கும் வரி உண்டு. 'ரெண்டு நாட்டுக்கும் வரி கட்டாம இருக்க ஒப்பந்தம் இருக்கே' என்பார்கள். இந்தியாவில் கட்டிய வருமான வரியைப் படிவம் 1116 மூலம் இங்கே கழித்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் அங்கே கட்டியிருந்தால்தானே கழிக்க? 2024-இல் இந்தியாவின் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை தள்ளுபடி இருந்தது. இவர் சம்பளம் வருடத்துக்கு 6,96,000. வரி பூஜ்யம். பூஜ்யத்தை எதில் கழிப்பது? சம்பளத்துக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே பன்னிரண்டு மாதத்தில் 330 நாள் இருந்தவர் என்பதால் படிவம் 2555 போட்டு விலக்கு கேட்கலாம். 2024-க்கு அதன் உச்சவரம்பு 1,26,500 டாலர். வட்டிக்கும் குத்தகைக்கும் அந்த விலக்கு கிடையாது.

இன்னொரு தொல்லை, இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இங்கே ஜனவரி. ஃபார்ம் 16-ஐ அப்படியே எடுத்து டாலராக மாற்றிப் போட முடியாது. ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு சம்பளச் சீட்டும், பாஸ்புக் பக்கங்களும் வேண்டும்.

அப்பாவின் எஃப்டியில் பணம் யாருடையது என்பதுதான் கேள்வி. அப்பா போட்ட பணம், வட்டி அப்பாவின் பான் எண்ணில் வருகிறது, பெண் பெயர் வாரிசு வசதிக்காக என்றால் அந்த வட்டியை இவர் வருமானமாகக் காட்டத் தேவையில்லை. ஆனால் சொத்து விவரப் படிவம் 8938-க்கு வரம்பு தாண்டியதா என்று பார்க்கும்போது கூட்டுக் கணக்கின் முழுத் தொகையும் சேரும். அமெரிக்காவில் வசிக்கும் தம்பதிக்கு வருடக் கடைசியில் 1,00,000 டாலர் தாண்டினால் அந்தப் படிவம் வேண்டும். தம்பதியில் ஒருவராவது மேலே சொன்ன 330 நாள் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்து, சேர்ந்து ரிட்டர்ன் போட்டால் வரம்பு 4,00,000. இந்தத் தம்பதி தப்பித்தார்கள். மனைவி எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் துணைக்கான விசா) வந்து குடியேறிவிட்டவர்கள் அவ்வளவு சுலபமாகத் தப்ப மாட்டார்கள். ஒன்று, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைச் சொல்லும் எஃப்பார் வேறு விஷயம். 6013-இல் கையெழுத்துப் போட்டதால் மட்டுமே ரெசிடென்ட் ஆனவருக்கு எஃப்பார் கடமை கிடையாது. இதைத் தெரியாமல் போட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. கணவர் பெயரும் இருக்கும் கணக்குகளுக்கு, மொத்தம் 10,000 டாலர் தாண்டினால், கணவர் எஃப்பார் போட்டாக வேண்டும்.

இனி அந்த மண்டப அட்வான்ஸ். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்க வரிச் சட்டம் 'பிஃபிக்' (ஒருவகை வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்று ஒரு தனிக் கூண்டில் போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாகப் படிவம் 8621. சேர்ந்து ரிட்டர்ன் போடுகிறவர்களிடம் இப்படிப்பட்ட ஃபண்டுகளின் மொத்த மதிப்பு 50,000 டாலருக்குள் இருந்து, எதையும் விற்காமலும் இருந்தால் பெரும்பாலும் அந்தப் படிவத்திலிருந்து விடுதலை. இவரிடம் சுமார் 22 லட்சம் ரூபாய்தான். ஜூலையில் விற்காமல் இருந்திருந்தால் பேச்சே இல்லை. விற்றுவிட்டால் நீண்டகால ஆதாயத்துக்கான குறைந்த விகிதம் கிடைக்காது. கணக்குப் போட ஒவ்வொரு எஸ்ஐபி தவணையின் தேதியும், வாங்கிய விலையும் வேண்டும். ஆறு வருடத் தவணை என்றால் எழுபத்திரண்டு பதிவு. சிலர் இந்தப் படிவத்துக்கு வாங்கும் கட்டணத்தைக் கேட்டால் எஸ்ஐபி மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், இவர் விஷயத்தில் மொத்தக் கூடுதல் வரி சில நூறு டாலர்களைத் தாண்டாது என்று மனக்கணக்கிலேயே தெரிந்தது. எட்டாயிரத்துக்கு முன்னால் அது பெரிதில்லை. நான் தயங்கியது தொகைக்காக இல்லை. சேர்ந்து போட்ட ரிட்டர்னில் வரும் பாக்கிக்கு இருவருமே முழுப் பொறுப்பு. கணவர் வருமானத்தை மறைத்திருந்தால் மனைவியிடமும் கேட்கலாம், மனைவி ஃபண்டை மறந்துவிட்டால் கணவரிடமும் கேட்கலாம். பிறகு 'எனக்குத் தெரியாது' என்று படிவம் 8857-இல் நிவாரணம் கேட்கலாம்தான். கிடைக்குமா என்பது வழக்கைப் பொறுத்தது. கேட்காமல் கையெழுத்து வாங்குகிற கணவர்கள் கெட்டவர்கள் இல்லை. மனைவிக்குத் தனியாக ஒரு கணக்கு வழக்கு இருக்கும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த எலெக்‌ஷன் ஒரு வருடத்தோடு முடிவதும் இல்லை. திரும்பப் பெறும்வரை அடுத்தடுத்த வருடங்களுக்கும் ஓடும். ரிட்டர்னைத் தனித்தனியாகப் போட்டாலும், மனைவியின் உலக வருமானம் உள்ளேதான் இருக்கும். திரும்பப் பெற்றால் முடிந்தது. அதற்குப் பிறகு இருவரில் யாருமே, வேறு கல்யாணம் செய்துகொண்டாலும்கூட, மறுபடி இதைச் செய்ய முடியாது. மாமனார் நிலம் விற்கப் போகிறார், பெண் பங்கு பெரிதாக வரும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

வருடக் கடைசியில் மனைவி இங்கே வந்து ரெசிடென்ட் ஆகிவிட்ட வீடுகளுக்கு 'எச்' உட்பிரிவு. அது அந்த ஒரு வருடத்துக்கு மட்டும். கணவரும் மனைவியும் இருவருமே எஃப்-1 மாணவர்களாக, முதல் ஐந்து வருடத்துக்குள் இருந்தால் இந்தக் கதவே இல்லை, இருவரில் ஒருவராவது ரெசிடென்ட் ஆக வேண்டும். 'இதைப் போட்டால் கிரீன் கார்டு சீக்கிரம் வருமா' என்றும் கேட்கிறார்கள். வராது.

எஸ்எஸ்என் கிடைக்காத மனைவிக்கு ஐடின் என்ற வரி எண் வாங்குவதும் பாடுதான். படிவம் டபிள்யூ-7, அசல் பாஸ்போர்ட் அல்லது அதை வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல், இவற்றோடு ரிட்டர்னையும் தாளில் அச்சடித்து டெக்சாஸ் ஆஸ்டினுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். விசாவுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பாஸ்போர்ட்டைத் தபாலில் போடச் சொன்னால் எந்த மாமியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஐஆர்எஸ் அங்கீகரித்த ஏற்பு முகவரிடம் அசலைக் காட்டிச் சான்று வாங்கினால் பாஸ்போர்ட் கைக்குத் திரும்பிவிடும்.

அன்றைக்கு என்ன செய்தோம் என்றால், கணவருக்கு வீட்டுக் கடனுக்காக ரிட்டர்ன் உடனே வேண்டியிருந்தது. காலக்கெடுவை அக்டோபர் 15 வரை நீட்டிக் காத்திருக்க முடியாது. அதனால் 'என்ஆர்ஏ' எழுதித் தனியாகவே போட்டோம். தனியாகப் போட்டதை மூன்று வருடத்துக்குள் திருத்திச் சேர்ந்ததாக மாற்றலாம். சேர்ந்து போட்டதைக் கெடு தேதிக்குப் பிறகு தனியாகப் பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. எட்டாயிரத்தை வைத்து ஏதோ திட்டம் போட்டிருந்தார் போலிருக்கிறது.

அக்டோபரில் கோவையிலிருந்து ஒரு மெயில். எஸ்ஐபி ஸ்டேட்மென்ட், பன்னிரண்டு சம்பளச் சீட்டு, பாஸ்புக் பக்கங்கள், குத்தகை ரசீது எல்லாம் தேதிவாரியாகப் பெயரிட்டு வந்திருந்தன. கீழே ஒரு வரி: "சார், அவரோட சம்பளச் சான்று, அந்த டபிள்யூ-2 காப்பியும் எனக்கு ஒண்ணு அனுப்புங்க. படிச்சுட்டு கையெழுத்துப் போடறேன்."