மாத்திரைக்குக் கேட்கும் இரவு வலி

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய் தன் 18 வயது மகனை மருத்துவரான என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடந்த நேரம்.

"பகல்ல நல்லாத்தான் ஓடியாடுறான் சார். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துர்றான். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தா அரை மணி நேரத்துல கேட்டுருது."

வலை இழுத்த சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். வளர்கிற வயசு வலி என்றும் சிலர் சொன்னார்களாம். முழங்கால் எக்ஸ்ரே இரண்டு முறை எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை. இப்படியே எட்டு மாதம் போயிருக்கிறது.

மாத்திரைக்குக் கேட்பதை அந்தத் தாய் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அதுதான் துப்பு. படுக்கவைத்து இடுப்பு மூட்டைத் திருப்பியதும் பையன் முகம் சுளித்தான். அந்தப் பக்கத் தொடையும் சற்று மெலிந்திருந்தது. இடுப்பில் இருக்கும் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது புதிதல்ல. இரண்டு மூட்டுக்கும் கிளை விடும் நரம்புகள் பொதுவானவை. முழங்கால் வலி என்று வரும் பிள்ளைக்கு இடுப்பையும் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று என்னிடம் பயிலும் இளம் மருத்துவர்களிடம் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேனில், தொடை எலும்பின் கழுத்தில் (இடுப்பு மூட்டை ஒட்டிய குறுகலான பகுதி) பட்டாணி அளவு கட்டி தெரிந்தது. இந்த எலும்புக் கட்டிக்கு ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்று பெயர். 1935-இல் ஹென்றி ஜாஃபே என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை. பெரும்பாலும் 5 முதல் 25 வயதுக்குள், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாக வரும். கட்டியின் மையத்தை 'நைடஸ்' என்பார்கள். லத்தீனில் கூடு என்று பொருள். வழக்கமாக 1.5 செ.மீ.-க்கும் குறைவான அந்தக் கூடுதான் வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளை மிகுதியாகச் சுரக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை அந்தச் சுரப்பைத் தடுப்பதால்தான் வலி சட்டென்று அடங்குகிறது. எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தால் சுற்றியுள்ள வீக்கமே பெரிதாகத் தெரிந்து, சீழ் என்றோ புற்றுநோய் என்றோ வீட்டாரைக் கலங்கடித்துவிடும்.

சில ஆண்டுகளில் இது தானாக அடங்குவதும் உண்டு. ஆனால் அதுவரை தினமும் வலி மாத்திரை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் என்னாவது? முன்பு எலும்பை வெட்டித்தான் எடுப்போம்; தொடை எலும்பின் கழுத்துப் பகுதி பலவீனமாகி முறியும் பயம் இருந்தது. இப்போது மயக்கம் கொடுத்து, சி.டி. வழிகாட்ட ஊசியைக் கூட்டுக்குள் செலுத்தி, சுமார் 90 டிகிரி செல்சியஸில் ஆறு நிமிடம் போலச் சுட்டுவிடுகிறோம். ரேடியோஃப்ரீக்வென்சி அப்லேஷன் என்று பெயர். சிலருக்கு மட்டும் வலி திரும்பும், மறுபடியும் சுடலாம்.

இந்தப் பையனுக்கு மதுரையில் செய்தார்கள். மூன்றாம் நாள் இரவு மாத்திரையில்லாமல் தூங்கியதாகத் தாய் போனில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. தடைக்காலம் முடியும் ஜூன் 14-க்குப் பிறகு படகுக்குப் போகலாமா என்று பையன் கேட்டான். மூன்று மாதம் பாரம் தூக்கவோ குதிக்கவோ வேண்டாம் என்றேன்.

இதே கட்டி முதுகெலும்பிலும் வரும். அப்போது வலியோடு முதுகு ஒரு பக்கமாக வளையும். சின்னக் குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. காலைச் சாய்த்து நடக்கும், இரவில் வீறிட்டு அழும். இப்படி வாரக்கணக்கில் நீடித்தால் நீவிவிடாமல் எலும்பு மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். எந்த மாத்திரை கொடுத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் கேட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.