மூன்றாவது பிரதி

ஒரே நிரல் கோப்பை இரண்டு பேர் ஒரே நாளில் திருத்துகிறார்கள். 12ஆம் வரியில் ஒருவரிடம் 30 என்ற எண் இருக்கிறது, மற்றவரிடம் 60. எதை வைத்துக்கொள்வது? இந்த இரண்டு பிரதிகளை மட்டும் எத்தனை முறை ஒப்பிட்டாலும் விடை கிடைக்காது. இருவரும் கைவைப்பதற்கு முன்பிருந்த மூலப் பிரதியும் வேண்டும். அதில் 30 என்றிருந்தால் முதலாமவர் அந்த வரியைத் தொடவேயில்லை என்று தெரிந்துவிடும், 60 நிற்கும். இருவருமே வெவ்வேறாக மாற்றியிருந்தால்தான் இரண்டையும் இணைக்கும் மென்பொருள் கையை விரித்து மனிதரிடம் கேட்கும்.

மூலம் கிடைக்க வேண்டுமானால் பழைய நிலைகள் அனைத்தும் பத்திரமாக இருக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய 'கிட்' என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு மாற்றப் பதிவும் (நிரலர்கள் 'கமிட்' என்பார்கள்) தனக்கு முந்தைய பதிவின் அடையாள எண்ணைச் சுமந்திருக்கும். அதனால் எந்தக் கிளை (ஒருவர் தனியே தொடரும் மாற்றங்களின் வரிசை) எங்கே பிரிந்தது என்று பின்னோக்கி நடந்து கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் இந்த இணைப்புக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. 'காத்திரு' என்ற செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) விநாடியில் கணக்கிட்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதை மில்லி விநாடிக்கு மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களிலும் 30ஐ 30,000 ஆக்குகிறார். அதே நாளில் இன்னொருவர், வேறொரு புதிய கோப்பில், பழைய வழக்கப்படி 'காத்திரு(30)' என்று எழுதுகிறார். வரிகள் மோதவில்லை, இணைப்பு சத்தமின்றி முடிகிறது. அரை நிமிடம் பொறுக்க வேண்டிய நிரல் கண் இமைப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. இதனால்தான் இணைத்த பிறகும் சோதனைகளை மறுபடி ஓட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பிழை பல வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, இடையில் 1,000 பதிவுகள் சேர்ந்துவிட்டன என்றாலும் கலங்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள பதிவைச் சோதித்தால் பிழை எந்தப் பாதியில் நுழைந்தது என்று தெரியும். மறுபடி பாதி, மறுபடி பாதி. சுமார் 10 சோதனைகளில் ஒரே பதிவு மிஞ்சும். அது சிறியதாக இருந்தால் காரணம் உடனே புலப்படும். 3,000 வரிகளை ஒரேயடியாக மாற்றிய பதிவென்றால் தேடல் புதிதாகத் தொடங்கும்.

'காத்திரு' கதையில் இந்தத் தேடல் போய் நிற்குமிடம் விசித்திரமானது. முதலாமவரின் கிளை தனியாக ஓடினால் சரியாக ஓடுகிறது. இரண்டாமவரின் கிளையும் அப்படியே. குற்றவாளியாக மிஞ்சுவது இரண்டையும் சேர்த்த இணைப்புப் பதிவு, இருவரில் எவருமே எழுதாதது.