பாப்பிலோமா: அரும்புக்கட்டி என்று சொல்லலாமா?

நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரில் மகளிர் குழுவுக்காகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். அந்தப் புற்றுக்குக் காரணமான 'பாப்பிலோமா வைரஸ்', அதை முன்கூட்டியே கண்டறியும் 'பாப் டெஸ்ட்' என்ற இரண்டு பெயர்களையும் அப்படியே போட்டிருந்தேன். வாசித்து முடித்ததும் ஒரு மைனி கேட்டார்: "எனக்குப் பேரன் பொறந்தாச்சு பிள்ளே. இனி எனக்கு எதுக்கு பாப்பா டெஸ்ட்டு?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. புதுச்சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்துத்தானே காது பிடித்துக்கொள்ளும். ஆனால் முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் அந்தச் சோதனை முக்கியமாக வேண்டும். அவர்களே 'இது நமக்கில்லை' என்று எழுந்து போய்விட்டால் அறிக்கை எழுதி என்ன பயன்? அன்றிரவே அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாப் வேறு, பாப்பிலோமா வேறு. இரண்டும் ஒரே நோயைப் பற்றிய பேச்சில் வருவதால் ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று படித்தவர்களும் நினைக்கிறார்கள். பாப் என்பது ஒரு மருத்துவரின் பெயரின் முன்பாதி. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர் ஜார்ஜ் பாப்பனிகோலாவ். கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தே புற்றை அறியலாம் என்று 1928-இல் சொன்னார். கிரேக்கக் குடும்பப் பெயர்களில் 'பாப்பா' என்று தொடங்குவது பாதிரியாரைக் குறிக்கும். நம் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பாப்பரசர்' இருக்கிறதே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆக, பாப் டெஸ்ட் பாப்பரசருக்குத்தான் உறவு, பாப்பிலோமாவுக்கு அல்ல.

சரி, பாப்பிலோமா? இது இரண்டு துண்டு. 'பாப்பில்லா' என்றால் இலத்தீனில் முலைக்காம்பு. உடலில் காம்புபோல, மொட்டுபோல எழும்பி நிற்கும் எதற்கும் மருத்துவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். நாக்கின் மேல் தெரியும் சிறு முனைகளும் பாப்பில்லாதான். 'ஓமா' கிரேக்கத்திலிருந்து வந்த பின்னொட்டு, கட்டி என்று பொருள். கட்டி என்றாலே புற்று ஆகிவிடாது. கொழுப்புக்கட்டியான லைப்போமாவிலும் அதே ஓமாதான் இருக்கிறது.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடிகாலையில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிச்சி அரும்பைக் குவித்து வைத்திருக்கும்போது மேற்பரப்பு முழுக்கச் சிறு சிறு முனைகளாக எழும்பி நிற்கும். பாப்பிலோமா என்ற மேல்தோல் வளர்ச்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுவை அரும்பு என்று நாக்கைப் பற்றி ஏற்கெனவே தமிழில் சொல்லி வருகிறோம். எனவே 'அரும்புக்கட்டி' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

'மரு' என்று சொன்னால் இன்னும் எளிது அல்லவா என்று கேட்கலாம். நானும் முதலில் அதைத்தான் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். கையில் வரும் மருவும் இந்தக் குடும்பத்து வைரஸால் வருவதுதான், உண்மை. ஆனால் இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு வரவைக்கும் வகை வேறு, கருப்பை வாயில் புற்றுக்கு வழி செய்யும் வகை வேறு. 'மரு வைரஸ்' என்று அச்சடித்தால் விரலில் மரு உள்ள பெண் வீணாகப் பயப்படுவாள். மரு எதுவும் இல்லாதவள் தனக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவாள். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. புற்றோடு தொடர்புள்ள 16, 18 ஆகிய வகைகள் வெளியே மரு எதையும் காட்டுவதில்லை.

அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் ஒருவரின் பிடிவாதம் இருக்கிறது. 1970-களில் ஆய்வாளர்கள் பலர் வேறொரு வைரஸின் மேல், ஹெர்பிஸின் மேல், சந்தேகம் கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹவுசன் அரும்புக்கட்டி வைரஸையே தேடினார். 1983-இல் 16-ஆம் வகையும் அடுத்த ஆண்டு 18-ஆம் வகையும் கட்டிகளில் கிடைத்தன. உலகில் வரும் கருப்பை வாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்த இரண்டால்தான். 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செல் கட்டுப்பாடில்லாமல் பெருகாதபடி நம் உடலே வைத்திருக்கும் இரண்டு தடைகளை இந்த வைரஸின் புரதங்கள் முடக்கிவிடுகின்றன. ஆனாலும் அது புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் பிடிக்கும். சோதனைக்கு நேரம் இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இந்த வைரஸின் முழுப்பெயர் 'ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்'. அதில் 'மனித' என்று பொருள்படும் முன்னடைக்கு அதிகம் சொல்ல வேண்டாம். மாட்டுக்கும் இதே குடும்பத்து வைரஸ் உண்டு, அது நமக்கு ஒட்டாது. வைரஸ் என்பதற்கு இலத்தீனில் நஞ்சு என்று பொருள். நச்சுயிரி, தீநுண்மி என்ற நல்ல சொற்கள் இருந்தாலும், கொரோனாவுக்குப் பிறகு வைரஸ் எல்லார் வாயிலும் தமிழாகிவிட்டது. அதை மாற்றப் போராட எனக்கு மனமில்லை.

எனக்கு வருத்தம் தருவது அந்த முழுப்பெயரின் எச்.பி.வி. என்ற சுருக்கம். அதை எச்.ஐ.வி. என்று கேட்டுவிட்டுக் கலங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு வைரஸ்கள். எச்.பி.வி. உடலுறவின் வழியாகப் பரவுவது உண்மைதான். ஆனால் திருமண வாழ்வில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு எப்போதாவது ஒருமுறை இது வந்துபோகும், தெரியாமலேயே போகும். அது ஒருவரின் நடத்தைக்குச் சான்று அல்ல. இந்தச் சுருக்கத்தை மட்டும் அச்சிடுவதைவிட 'அரும்புக்கட்டி வைரஸ்' என்று முழுதாக எழுதி, பக்கத்தில் எச்.பி.வி. என்று போடுவது நல்லது. தடுப்பூசி கேட்டுப் போகும்போது அந்த மூன்றெழுத்தும் தேவைப்படும்.

நோயின் பெயரில் தமிழே தெளிவாக இருக்கிறது. இலத்தீனில் 'செர்விக்ஸ்' என்றால் கழுத்து, நாம் அதே இடத்தைக் கருப்பையின் வாய் என்கிறோம். அதனால் பாப் டெஸ்ட்டைக் 'கருப்பை வாய்ச் செல் சோதனை' என்று எழுதினேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசெட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதற்குக் 'கருப்பை வாய்ப் பார்வைச் சோதனை' என்று எழுதினேன். அந்த அமிலம் வினிகரில் இருப்பதுதான் என்று மைனியிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது.

மிச்சமிருந்தது, 16, 18 போன்ற வகைகளுக்கு மருத்துவர்கள் சொல்லும் 'ஹை ரிஸ்க்' வகை என்ற பெயர். ஆபத்தான வகை என்று எழுதிப் பார்த்தேன், வந்தாலே முடிந்தது என்பதுபோல ஒலித்தது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குள் உடலே இதை விரட்டிவிடுகிறது. அதனால் 'தங்கிவிட்டால் புற்றாக மாறக்கூடிய வகை' என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான். 'தங்கிவிட்டால்' என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்துக்குக் கொடுத்தாயிற்று.